இழை: நாய்க்குட்டிக்கு நெஞ்சில் "மர்மர்" என்றால் எது பொறுக்கும், எது பொறுக்காது?

#1 கருப்பட்டி

பெண் குட்டி. ஸ்பிட்ஸ் (கடையில் பொமரேனியன் என்று சொல்லி விற்கிற அதே இனம்). வயது 9 வாரம், எடை 1.9 கிலோ. தடுப்பூசிச் சீட்டில் "மர்மர் 5/6" என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஓடுகிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, இருமல் இல்லை. அடுத்த ஊசிக்கு இன்னும் 3 வாரம். அதுவரை பொறுக்கலாமா? எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) போகுமுன் டாக்டரிடம் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

#2 ஸ்டெத்து

பொறுக்க வேண்டாம். காரணம் அந்த 5.

மர்மர் என்றால் இதயத்தின் "லப்-டப்"போடு சேர்ந்து கேட்கும் ரத்த ஓட்ட இரைச்சல். அதை 6 படியாகப் பிரிப்பார்கள். 1 என்றால் அமைதியான அறையில் மூச்சடக்கிக் கேட்டால்தான் தெரியும். 2 மெல்லியது, ஆனால் வைத்தவுடன் கேட்கும். 3-ல் மர்மரும் "லப்-டப்"பும் ஒரே அளவுச் சத்தம். 4-ல் மர்மர் அதை மிஞ்சும். 5 என்றால் ஸ்டெதஸ்கோப்பே தேவையில்லை. விலாவில் விரல் வைத்தால் சைலன்ட்டில் போட்ட போன் அதிர்கிற மாதிரி தெரியும். 6-ல் ஸ்டெதஸ்கோப்பைத் தோலிலிருந்து சற்றுத் தூக்கினாலும் கேட்கும்.

குட்டிகளுக்கு எந்தக் கோளாறும் இல்லாமலே மர்மர் வரும். அது 1 அல்லது 2, அபூர்வமாக 3. இடப்பக்க மேல்பாகத்தில், இதயம் சுருங்கும்போது மட்டும், கொஞ்ச நேரமே வந்து போகும். துடிப்பு வேகம் மாறினால் அதுவும் மாறும். 4, 5 மாதத்துக்குள் காணாமல் போய்விடும். "அடுத்த ஊசிக்கு வரும்போது பார்ப்போம்" என்பது அந்த வகைக்குச் சரியான பேச்சு. 5/6 அந்த வகை கிடையாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியது மூன்று. எந்த இடத்தில் மிகச் சத்தம்? சுருங்கும்போது மட்டுமா, விடாமலா? தொடைத் துடிப்பு எப்படி? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் எக்கோவுக்கு முன்பே பாதி நோய் தெரிந்துவிடும்.

#3 உண்ணிக்கொல்லி

மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் ஊர்க் குட்டிகளில் மெல்லிய மர்மருக்கு இன்னொரு காரணம் ரத்தசோகை. ரத்தம் நீர்த்தால் ஓட்டம் வேகமாகிச் சத்தம் வரும், இதயத்தில் குறையே இருக்காது. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குள் போய்விடும். 2, 3 வாரக் குட்டியில் மலத்தில் முட்டை தெரியும் முன்பே ரத்தம் குறைந்திருக்கும். அதனால் "மலப் பரிசோதனை சுத்தம்" என்ற சீட்டை வைத்து நிம்மதி அடைய முடியாது. உண்ணி மொய்த்த குட்டியும் அப்படித்தான்.

ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். ஈறே சுண்ணாம்பு மாதிரி இருந்தால் எக்கோவுக்கு முன் ரத்த அணுச் சதவீதம் (பிசிவி) பார்க்கணும். 4 முதல் 6 வாரக் குட்டிக்கு அது இயல்பாகவே பெரிய நாயைவிடக் குறைவு, 30-ஐ ஒட்டி இருக்கும். வளர்ந்த நாயின் அளவுகோலை வைத்துப் பயப்படாதீங்க. புழு மருந்து பைரன்டெல் என்றால் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., 2, 4, 6, 8 வாரங்களில்.

ஆனா ஒன்று, ரத்தசோகை மர்மர் 5/6 வரை போகாது. இந்தக் கேஸுக்கு இது பொருந்தாது.

#4 கருப்பட்டி

கேட்டுவிட்டேன். "இடப்பக்கம், அக்குளுக்குள், மேலே. விடாத சத்தம். தொடைத் துடிப்பு ரொம்ப பலம்." துடிப்பு பலமாக இருப்பது நல்லதுதானே?

#5 ஸ்டெத்து

இந்த இடத்தில் பலம் நல்லதில்லை. இந்த மூன்று பதிலும் சேர்ந்தால் பெரும்பாலும் பிடிஏ. எக்கோ அதை உறுதிசெய்யத்தான். ஸ்பிட்ஸ், பொமரேனியன், பூடில், மால்டீஸ், ஜெர்மன் ஷெப்பர்ட் இவற்றில் அடிக்கடி வரும், ஆணைவிடப் பெண்ணுக்கு அதிகம்.

கருவில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்லை. அதனால் நுரையீரல் தமனிக்குப் போகும் ரத்தத்தை நேராகப் பெருந்தமனிக்குத் திருப்பிவிட ஒரு குறுக்குக் குழாய் உண்டு. பிறந்து மூச்சு விட்ட சில நாளில் அதன் சுவரில் உள்ள தசை இறுகி அடைத்துவிடும், பிறகு வெறும் நாராக மாறும். அடையாமல் நின்றுவிட்டால் அதுதான் பிடிஏ.

பிறந்த பிறகு அழுத்தம் தலைகீழ். பெருந்தமனியில் 120, நுரையீரல் தமனியில் 20-ஐ ஒட்டி. இதயம் சுருங்கினாலும் விரிந்தாலும் பெருந்தமனிதான் மேலே. ஆகவே ரத்தம் ஒரு கணமும் நிற்காமல் குழாய் வழியே நுரையீரலுக்கு ஒழுகுகிறது. சத்தம் விடாமல் கேட்பது இதனால்தான். மாவு மில் தூரத்தில் ஓடுகிற மாதிரி ஏறி இறங்கும், ஓயாது.

துடிப்பு பலமாக இருப்பதும் இதே ஒழுக்கால்தான். விரிவு நேரத்தில் ரத்தம் நுரையீரலுக்கு வழிந்துவிடுவதால் கீழ் அழுத்தம் இறங்குகிறது. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி கூடினால் விரலில் "டக் டக்" என்று தட்டும்.

படிக்கிற பிள்ளைகள் தடுமாறுகிற இடம் ஒன்று: குழாய் நுரையீரல் தமனியில் திறக்கிறது, அப்படியானால் வலப்பக்கம்தானே வீங்க வேண்டும் என்பார்கள். இல்லை. கூடுதல் ரத்தம் நுரையீரலைச் சுற்றி வந்து சேர்வது இடது மேலறைக்கு. சுமை முழுக்க இடப்பக்கம். நுரையீரலில் நீர் கோப்பதும் அதனால்தான்.

கேட்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் தவறவிடுகிறார்கள். குட்டியை நிற்க வையுங்கள். இடது முன்காலை முன்னால் இழுத்து, குழந்தைகள் ஸ்டெதஸ்கோப்பின் தலையை அக்குளுக்குள் நன்றாக நுழைத்து 3-வது, 4-வது விலா இடுக்கில் வைக்கணும். முழங்கைக்குப் பின்னால் இதயத்தின் நுனியில் மட்டும் வைத்தால் பிடிஏவின் பாதிச் சத்தம்தான் கேட்கும். "சுருங்கும்போது மர்மர்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். குட்டி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தால் வாயை மூடிப் பிடித்து, மூக்கை 2, 3 விநாடி பொத்தினால் போதும்.

#6 பழைய ஆள்

இவ்வளவு அவசரம் எதற்கு? சின்னக் குட்டிக்கு மயக்க மருந்தே ஆபத்து. மனுசக் குழந்தைக்கே மாத்திரை கொடுத்து மூட வைக்கிறாங்க. ஒரு வருசம் வளரட்டும், தானா மூடினாலும் மூடும்.

#7 ஸ்டெத்து

மரியாதையோடு மறுக்கிறேன் ஐயா. மூன்றுமே இங்கே பொருந்தாது.

குறைமாதக் குழந்தைகளுக்கு இண்டோமெதசின், இபுப்ரோஃபென் கொடுப்பது உண்மை. அங்கே குழாய்ச் சுவரில் தசை இருக்கிறது, சுருங்க நேரம் வரவில்லை, அவ்வளவுதான். பிடிஏ உள்ள நாயில் தசை இருக்க வேண்டிய இடத்தில் பெருந்தமனிச் சுவர் மாதிரி மீள்நார் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பேட்டர்சன் குழு பூடில் வம்சங்களை வைத்து 1971-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குறை பரம்பரையாக வருவதைக் காட்டியது. சுருங்கத் தசையே இல்லாத குழாயை மாத்திரை என்ன செய்யும்? அதைவிட முக்கியம், இபுப்ரோஃபென் நாய்க்கு விஷம். குடல் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும். இதைப் படிக்கிற யாரும் வீட்டில் கொடுத்துவிடாதீர்கள்.

தானாக மூடுவது முதல் சில நாட்களில் நடக்க வேண்டியது. 9 வாரத்தில் இவ்வளவு சத்தம் போடுகிற குழாய் மூடாது. அப்படியே விட்டால் பாதிக்கும் மேற்பட்ட நாய்கள் ஒரு வருடத்துக்குள் போய்விடுகின்றன. மூடிவிட்டால் மற்ற நாய்களைப் போலவே வாழும். பிறவி இதயக் கோளாறுகளில் முழுசாகக் குணமாகிற கேஸ் இது ஒன்றுதான் என்றே சொல்லலாம். அதை ஒரு வருடம் தள்ளிப்போட்டால் இடது அறை விரிந்து, அதன் இரு அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வு ஒழுகி, அதன்பிறகு மயக்க மருந்து உண்மையிலேயே ஆபத்தாகும்.

#8 நாலாவது இடுக்கு

மூடும் வழி இரண்டு.

ஒன்று, நெஞ்சைத் திறந்து கட்டுவது. 1938-ல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் ஒரு சிறுமிக்குச் செய்த அதே யோசனைதான். குட்டியை வலப்பக்கமாகப் படுக்க வைத்து, இடது 4-வது விலா இடுக்கில் திறப்பு. குழாயின் மேலேயே வேகஸ் நரம்பு ஓடுகிறது, அதைப் பிரித்து ஒதுக்கணும். பிறகு செங்கோணக் கிடுக்கியைக் குழாயின் பின்பக்கமாக நுழைத்து, தடித்த பட்டு நூல் இரண்டை எடுத்துவரணும். உயிர் போவது இந்த இடத்தில்தான். பின்சுவர் கண்ணுக்குத் தெரியாது, மெல்லியது. கிடுக்கி முனை குத்தினால் பெருந்தமனி அழுத்தத்தில் ரத்தம் பீறிடும். கை பழகிய அறுவை மருத்துவரிடமே போங்கள் என்று எல்லாரும் சொல்வது இந்த ஒரு அங்குலத்துக்காக.

முதல் முடிச்சு பெருந்தமனிப் பக்கம், மெதுவாக, ஒன்றிரண்டு நிமிடம் எடுத்து. சட்டென்று இறுக்கினால் ஒழுகிக்கொண்டிருந்த ரத்தம் முழுக்க உடலுக்குத் திரும்பி, கீழ் அழுத்தம் குபீரென ஏறி, இதயத் துடிப்பு சரிந்துவிடும். பிரான்ஹாம் எதிர்வினை என்பது அதுதான். மயக்க மருத்துவர் துடிப்பைக் கூட்டும் அட்ரோபினைக் கையில் வைத்திருப்பார். இறுகியதும் விரலுக்குக் கீழே அந்த அதிர்வு நின்றுபோகும்.

இன்னொன்று, தொடைத் தமனி வழியாகக் கம்பி விட்டு, நைட்டினால் என்ற உலோகக் கலவையின் வலையில் செய்த அடைப்பானை குழாய்க்குள் விரிப்பது. நாய்க்கென்றே செய்த ஆம்ப்ளாட்ஸ் அடைப்பான் இருக்கிறது. குழாயின் மிகக் குறுகிய இடத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இடை அளவுள்ளதை எடுப்பார்கள். சின்னதாக எடுத்தால் கழன்று நுரையீரல் தமனிக்குப் போய்விடும். நெஞ்சைத் திறக்க வேண்டாம், மறுநாள் வீடு. ஆனால் தொடைத் தமனி கம்பி நுழைகிற அளவு இருக்கணும். 1.9 கிலோ குட்டிக்கு அது கஷ்டம். இந்தக் கேஸில் கட்டுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஜெர்மன் ஷெப்பர்டில் சில சமயம் குழாய் குறுகாமல் சுரங்கம் மாதிரி ஒரே அகலமாக இருக்கும், அப்போதும் அடைப்பான் நிற்காது.

இரண்டுமே எல்லா ஊரிலும் நடப்பதில்லை. எக்கோவும் டாப்ளரும் (ரத்த ஓட்டத்தின் வேகம் அளப்பது) சேர்ந்த பரிசோதனைக்குச் சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை போன்ற கற்பிக்கும் மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். அங்கிருந்து எங்கே என்பதை அவர்களே சொல்வார்கள்.

#9 கருப்பட்டி

நன்றி. எக்கோ அறிக்கையில் எந்த எண்கள் இருக்கணும்? சத்தம் சில நாள் குறைந்தால் சரியாகிறது என்று அர்த்தமா?

#10 ஸ்டெத்து

அறிக்கையில் ஐந்து விஷயம்: குழாயின் மிகக் குறுகிய அகலம் எத்தனை மி.மீ., அதன் வடிவம், ரத்தம் ஓடும் திசை, ஓட்ட வேகம், இடது அறைகளின் அளவு. கூடவே வேறு குறை இருக்கிறதா என்ற ஒரு வரி.

வேகத்தைப் படிப்பது எளிது. வேகத்தை அதாலேயே பெருக்கி 4-ஆல் பெருக்கினால் இரு பக்க அழுத்த வித்தியாசம் வரும். விநாடிக்கு 5 மீட்டர் என்றால் 5×5×4 = 100. மேலே சொன்ன 120-க்கும் 20-க்கும் இடையே உள்ள அதே 100. ஆக 5 மீட்டரை ஒட்டி இருந்தால் நிம்மதி. 3 மீட்டர் என்று வந்தால் வித்தியாசம் வெறும் 36. நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறிவிட்டது என்று பொருள்.

இதிலேயே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. பிடிஏவில் சத்தம் குறைந்தால் சந்தோஷப்படக் கூடாது. அழுத்தம் சமமாக ஆக ஓட்டம் குறையும், சத்தம் அடங்கும். அதையும் தாண்டினால் ரத்தம் எதிர்த்திசையில், நுரையீரலிலிருந்து பெருந்தமனிக்குப் போகும். அப்போது மர்மரே கேட்காது.

அந்தத் தலைகீழ் பிடிஏவைக் கண்டுபிடிக்க வாயை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். குழாய் சேர்கிற இடம், தலைக்கும் முன்காலுக்கும் கிளை பிரிந்த பிறகு. அதனால் ஈறு ரோஜா நிறத்தில் இருக்கும், பின்பாதிக்கு மட்டும் கெட்ட ரத்தம் போகும். கொஞ்சம் ஓட விட்டு, பெண் குட்டியின் பிறப்புறுப்புச் சவ்வைப் பாருங்கள். நீலம் பாய்ந்திருக்கும், பின்கால் துவளும். சிறுநீரகம் ஆக்சிஜன் போதவில்லை என்று நினைத்துச் சிவப்பணுவைக் கூட்டிக்கொண்டே போகும். பிசிவி 65, 70 என்று ஏறி, ரத்தம் கூழாகி, வலிப்பு வரும். கட்டணுமா என்றால், கூடவே கூடாது. அந்தக் குழாய்தான் வலது அறைக்கு வடிகால், அடைத்தால் மேசையிலேயே போய்விடும். அவ்வப்போது ரத்தம் எடுத்துத் திரவம் ஏற்றுவதும், நுரையீரல் தமனி அழுத்தத்தைக் குறைக்கும் சில்டெனாஃபில் மருந்தும்தான் வழி.

#11 நாலாவது இடுக்கு

ஏற்கெனவே மூச்சிரைப்பு இருந்தால் நேராக மேசைக்குப் போகக் கூடாது. முதலில் ஃப்ரூசமைட் கொடுத்து நுரையீரல் நீரை வடித்துவிட்டுத்தான். பொதுவாகக் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. எழுதுவார்கள். இங்கே ஒரு தொந்தரவு: 2 மி.கி. கணக்கில் 2 கிலோ குட்டிக்கு 4 மி.கி. தேவை, கடையில் இருப்பதோ 40 மி.கி. மாத்திரை. பத்தில் ஒரு பங்காக உடைக்க யாராலும் முடியாது. ஒரு மில்லியில் 10 மி.கி. உள்ள வாய்வழித் திரவத்தை எழுதித் தரச் சொல்லி, 1 மில்லி சிரிஞ்சில் 0.4 அளந்து கொடுங்கள். தண்ணீர் எப்போதும் எதிரிலேயே இருக்கணும்.

அறுவைக்கு முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி போடுவது பெரிய நாய்க்கு. இந்த எடைக்கு சர்க்கரை இறங்கிவிடும். 3, 4 மணி நேரம் உணவு நிறுத்தினால் போதும், தண்ணீரை நிறுத்த வேண்டாம். மருத்துவமனை வேறு மாதிரி சொன்னால் குட்டியின் எடையைச் சொல்லி ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

#12 பழைய ஆள்

சரி, ஒத்துக்கிறேன். லேப், ராட்வைலர் குட்டிகளுக்கும் இதே கணக்குதானா?

#13 ஸ்டெத்து

இல்லை ஐயா, அங்கே நோய் வேறு, வைத்தியமும் எதிர்.

ராட்வைலர், கோல்டன், பாக்சர், நியூஃபவுண்ட்லேண்ட்: பெருந்தமனி வால்வுக்குக் கீழே நார்வளையம் வளர்ந்து வழி குறுகுவது. மர்மர் இடப்பக்க மேல்பாகத்தில், சுருங்கும்போது மட்டும், கழுத்துவரை ஏறும். தொடைத் துடிப்பு பிடிஏவுக்கு நேர்மாறாக மெலிந்து, தாமதமாக எழும். வளையம் பிறந்த பிறகுதான் வளர்கிறது, குட்டி வளர்ந்து முடியும்வரை கூடும். 8 வாரத்தில் "சத்தமில்லை" என்று எழுதிய சீட்டு இதற்குச் செல்லாது, ஒரு வயதுக்கு மேல் எக்கோ பார்த்தால்தான் முடிவு. அழுத்த வித்தியாசம் 50-க்குக் கீழே லேசு, 50 முதல் 80 நடுத்தரம், 80-க்கு மேல் கடுமை. கடுமையானதில் எந்த அறிகுறியும் இல்லாமல் ஓடும்போதே விழுந்து போவதுண்டு. துடிப்பைத் தணிக்கும் அட்டெனோலால் மருந்தும், நாய் ஓடியாடுவதைக் குறைப்பதும்தான் வழி. குறுகிய இடத்தில் பலூனை ஊதி விரித்தும் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை.

புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பீகிள்: நுரையீரல் தமனி வால்வு ஒட்டிப்போவது. இதில் பலூன் நன்றாக வேலை செய்யும், 80-க்கு மேல் என்றால் செய்ய வேண்டியதே. ஆனால் புல்டாக்கில் இடது கரோனரி தமனி (இதயத் தசைக்கே ரத்தம் தருவது) வலப்பக்கமிருந்து கிளம்பி நுரையீரல் தமனியைச் சுற்றிக்கொண்டு போகும் கேஸ்கள் உண்டு. அது தெரியாமல் பலூனை ஊதினால் அந்தத் தமனி நசுங்கும். கரோனரி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பலூனுக்குச் சம்மதிக்காதீர்கள்.

லேப்: டிரைகஸ்பிட் (வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள) வால்வுக் கோளாறு. வலப்பக்க மர்மர், முற்றினால் வயிற்றில் நீர்.

"இதயத்துக்கு நல்லது" என்று பக்கத்து நாயின் பிமோபென்டனை (இதயச் சுருக்கத்தைப் பலமாக்கும் மருந்து) வாங்கிக் கொடுப்பவர்கள் கவனிக்க: வழி குறுகிய கேஸில், குறிப்பாகப் பெருந்தமனிக் குறுக்கத்தில், அது கொடுக்கக் கூடாத மருந்து.

#14 கொட்டில்

ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மர்மர் இல்லாமலே ஒரு பிறவிக் கோளாறு உண்டு. பெருந்தமனி வளைவு வலப்பக்கம் தங்கிவிட்டு, மேலே சொன்ன குழாயின் நார் உணவுக்குழாயைக் கயிறு மாதிரி சுற்றி இறுக்கும். பால் இறங்கும், திட உணவு ஆரம்பித்ததும் நிற்கும். வயிற்றை எக்காமல், குமட்டாமல், தின்ற சோறு உருளையாக அப்படியே வெளியே விழும். இது வாந்தி இல்லை, எதுக்களிப்பு. வாந்தி மாத்திரை கேட்காது. கஞ்சியாகக் கரைத்து, முன்காலை உயர்த்தி நிற்க வைத்து ஊட்டி, 15 நிமிடம் அப்படியே பிடியுங்கள். இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா. நாரை அறுப்பதைத் தள்ளினால் உணவுக்குழாய் பை மாதிரி விரிந்து, அறுத்த பிறகும் சுருங்காது.

இனப்பெருக்கம் பற்றி: பிடிஏ சரிசெய்த நாயிடம் குட்டி எடுக்கக் கூடாது. கூடப் பிறந்தவையும் முழுக்கச் சுத்தம் என்று நினைக்காதீர்கள். சில நாய்களில் குழாயின் நுரையீரல் முனை மட்டும் மூடி, பெருந்தமனிப் பக்கம் சின்னப் பையாக நிற்கும். மர்மர் வராது, நாய் நன்றாக இருக்கும், குறை மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போகும். அந்தத் தாய்-தகப்பன் ஜோடியை மறுபடி சேர்க்காமல் இருப்பதுதான் குறைந்தபட்சம். விற்றவருக்கு எக்கோ அறிக்கையின் நகலை அனுப்புங்கள், சண்டை போட வேண்டியதில்லை.

#15 உண்ணிக்கொல்லி

எக்கோ நாள் வரை வீட்டில்: குட்டி நன்றாகத் தூங்கும்போது 30 விநாடி மூச்சு எண்ணி இரண்டால் பெருக்குங்கள், தினம் நாட்காட்டியில் எழுதுங்கள். கனவில் கால் உதறும்போது எண்ணினால் தப்பாக வரும். 30-ஐ ஒட்டி நின்றால் சரி. மூன்று நாளாக ஏறிக்கொண்டே போனாலோ 40-ஐத் தாண்டினாலோ எக்கோ தேதியைப் பார்க்காமல் அன்றைக்கே கிளம்பணும். ராத்திரி இருமல், கழுத்தை நீட்டி முழங்கையை அகட்டி உட்காருவது, இதற்கும் அதே பதில்தான்.

#16 கருப்பட்டி

இன்று காலை 26. எக்கோ வியாழக்கிழமை. கடைசிக் கேள்வி: இரண்டாவது தடுப்பூசியை அறுவைக்கு முன் போடலாமா?

#17 ஸ்டெத்து

மூச்சு இப்படியே இருந்தால் போடலாம், போடவும் வேண்டும். பார்வோ வைரஸ் சுற்றுகிற இடம் மருத்துவமனைக் காத்திருப்பு அறைதான். அறுவை நாளன்றே போட வேண்டாம், ஒரு வாரமாவது இடைவெளி விடச் சொல்லிக் கேளுங்கள். ஊசிக் காய்ச்சலும் அறுவைக் காய்ச்சலும் ஒன்றாக வந்தால் எது எது என்று பிரிக்க முடியாது. வியாழக்கிழமை காலை லேசாக ஊட்டிவிட்டே அழைத்துப் போங்கள், எக்கோவுக்கு மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. அக்குள் முடியை மழிப்பார்கள். குழாயின் அகலமும் ஓட்ட வேகமும் வந்ததும் இங்கே போடுங்கள்.